6. சங்கமும் ஊர்க்காரியமும்

சென்னையிலும் அதன் புறநகரிலும் குடியிருப்போர் நலச்சங்கம் பிறப்பது பெரும்பாலும் சாக்கடையால், இல்லாவிட்டால் சங்கிலிப் பறிப்பால். கழிவுநீர் நாலு நாள் தெருவில் நின்றால் ஐந்தாம் நாள் யாராவது ஒருவர் வீட்டு மொட்டைமாடியில் கூட்டம் நடக்கும். தலைவர், செயலாளர், பொருளாளர் என்று மூன்று பெயரை எழுதுவார்கள். அடுத்த வாரம் லெட்டர்பேடு அச்சாகிவிடும். சாக்கடை வடிந்ததும் சங்கமும் வடிந்துவிடும்.

அப்படி வடியாமல் சங்கத்தை நிறுத்திவைப்பதற்கான வேலைகளை (பதிவு, துணைவிதி, சந்தா, வங்கிக் கணக்கு) இதுவரை பார்த்தோம். நிலைத்துவிட்ட சங்கம் தன் வாசலைத் தாண்டி வார்டு விவகாரங்களில் எப்படி இறங்குவது, எங்கே இறங்காமல் இருப்பது என்பதுதான் இந்த அத்தியாயம். தனி வீடுகளும் சிறு அடுக்ககங்களும் கலந்த தெருக்களின் சங்கங்களை மனதில் வைத்தே எழுதுகிறேன். பெரிய அடுக்குமாடி வளாகங்களுக்கு 2022-ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது. அவற்றின் உள்விவகாரம் வேறு.

முதலில் எல்லையைச் சொல்லிவிடுகிறேன். 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவு செய்த அமைப்பு வங்கிக் கணக்கு வைக்கலாம், வழக்குத் தொடுக்கலாம், மனு கொடுக்கலாம். தெருவை ஆளும் அதிகாரம் எதையும் அந்தச் சட்டம் கொடுக்கவில்லை. தெரு மாநகராட்சியுடையது. வார்டுக்காகப் பேசத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் கவுன்சிலர். சங்கத் தலைவரைத் தேர்ந்தெடுத்தது, கூட்டத்துக்கு வந்த முப்பது பேர். இதை மறக்காத சங்கத்துக்குப் பாதிச் சண்டை மிச்சம்.

அப்படியானால் சங்கத்தின் பலம் எது? கவுன்சிலரின் காலம் ஐந்தாண்டு. உதவிப் பொறியாளர் சில ஆண்டுகளில் மாற்றலாகிப் போய்விடுவார். ஒப்பந்ததாரர் பில் பாஸாகும்வரை இருப்பார். அந்தத் தெருவில் எந்த வருடம் எந்தக் குழாயை யார் தோண்டினார்கள், எந்த மழையில் தண்ணீர் எந்த வீட்டுப் படிவரை வந்தது என்று தெரிந்தவர்கள் அங்கேயே குடியிருப்பவர்கள் மட்டும்தான். ஆனால் தெரிந்திருப்பது போதாது. அது காகிதத்தில் இருக்க வேண்டும். அலுவலகத்தில் காகிதத்துக்குத்தான் காகிதம் பதில் சொல்லும். கீழே வரும் எல்லா வேலைக்கும் இதுவே அடிப்படை.

தெருவுக்கு ஒரு கோப்பு

உங்கள் பகுதி அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவு என்றால், அதன் வரைபட நகலை சி.எம்.டி.ஏ. அல்லது நகர் ஊரமைப்பு இயக்ககத்திடமிருந்து வாங்குங்கள். தெரு எத்தனை அடி அகலம், பூங்காவுக்கு ஒதுக்கிய இடம் எது என்பதெல்லாம் அதில் இருக்கும். மனைப்பிரிவு பெரியதாக இருந்தால் (10,000 சதுர மீட்டருக்கு மேல்) சாலை போக மீதியில் பத்து சதவீதத்தைத் திறந்தவெளியாக விட்டாக வேண்டும். ஓ.எஸ்.ஆர். நிலம் என்று சொல்வது இதைத்தான். சாலைகளையும் இந்த நிலத்தையும் மனை போட்டவர் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும்.

எழுதிக் கொடுத்தாரா என்று பார்ப்பதுதான் சங்கம் செய்ய வேண்டிய முதல் வேலை. அந்தச் சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். தானப் பத்திரம் பதிவாகியிருந்தால் அதன் எண் வரும். வராவிட்டால், இன்று பிள்ளைகள் கிரிக்கெட் ஆடும் இடம் நாளை மனை எண் 47A ஆக விற்பனைக்கு வரலாம். வேலி போட்ட பிறகு கத்துவதைவிட, காலியாக இருக்கும்போதே மாநகராட்சி ஆணையருக்கு எழுதி, இடத்தை அளந்து பெயர்ப்பலகை வைக்கச் சொல்வது எளிது.

இதே கோப்பில் தெருவிளக்குக் கம்ப எண்கள், மின்மாற்றி இருக்கும் இடம், மழைநீர் வடிகால் ஓடும் திசை, அது எந்தக் கால்வாயில் விழுகிறது, மேன்ஹோல்கள் எங்கே என்ற கைவரைபடமும் இருக்கட்டும். பள்ளி மாணவர்கள் இரண்டு பேரும் ஓய்வுபெற்ற ஓவர்சீயர் ஒருவரும் சேர்ந்தால் ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் போட்டுவிடலாம். ஓய்வுபெற்ற ஓவர்சீயர் இல்லாத தெருவைச் சென்னையில் நான் பார்த்ததில்லை.

எந்தக் கதவைத் தட்டுவது

சென்னையில் மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது, கழிவுநீர்க் குழாய் குடிநீர் வாரியத்துடையது. இரண்டும் ஒரே தெருவில் பக்கத்துப் பக்கத்தில் ஓடும். அடைத்துக்கொண்டால் இரண்டிலும் வழிவது ஒரே நாற்றம். அதனால் முதலில் எது வழிகிறது என்று பாருங்கள். மேன்ஹோல் மூடியின் வழியே வந்தால் வாரியத்தின் 044-4567 4567. வடிகால் பலகை வழியே வந்தால் மாநகராட்சியின் 1913. வடிகாலில் மழையில்லாத நாளிலும் கறுப்புத் தண்ணீர் ஓடினால் யாரோ கழிவுநீரை அதில் திருப்பியிருக்கிறார்கள் என்று பொருள். அந்த ‘யாரோ’ சங்க உறுப்பினராகவே இருக்கலாம். மனு எழுதும் முன் அதை விசாரித்துவிடுவது கௌரவத்துக்கு நல்லது.

மின்சாரத்துக்கு 94987 94987. பேருந்து ஓடும் பெரிய சாலை சில இடங்களில் மாநகராட்சியுடையது, சில இடங்களில் நெடுஞ்சாலைத் துறையுடையது. ஏரி என்றால் கரையும் மதகும் பெரும்பாலும் நீர்வளத் துறை, ஆக்கிரமிப்பு அளவீடு வருவாய்த் துறை, குப்பை உள்ளாட்சி. ஒரே ஏரிக்கு மூன்று மனு எழுத வேண்டியிருப்பது அபத்தம்தான். ஆனால் ஒரே மனுவை மூன்று பேருக்கும் அனுப்பினால் மூவரும் அடுத்தவரைக் கைகாட்டுவார்கள். அவரவர் வேலையை அவரவருக்குத் தனியாக எழுதுங்கள்.

மனு

சங்கங்கள் எழுதும் மனுக்களில் பாதி, மனுவே அல்ல. முதல் பத்தியில் வணக்கமும் பாராட்டும், இரண்டாம் பத்தியில் பகுதியின் வரலாறு, மூன்றாம் பத்தியில் பதினோரு கோரிக்கைகள். பெறுபவர் பதினொன்றில் தனக்குச் சம்பந்தமில்லாத ஒன்றைப் பிடித்துக்கொண்டு, ‘இது எங்கள் துறை அல்ல’ என்று முழு மனுவையும் முடித்துவைப்பார். ஒரு மனுவுக்கு ஒரு வேலை. இப்படி:

பெறுநர்: உதவிப் பொறியாளர், வார்டு ___, மண்டலம் ___.

பொருள்: முதல் குறுக்குத் தெரு – மழைநீர் வடிகால் – வண்டல் தொட்டிகளைத் தூர்வாரக் கோருதல் – தொடர்பாக.

மேற்படி தெருவில் கதவு எண் 4 முதல் 22 வரை உள்ள ஆறு வண்டல் தொட்டிகள் மண்ணால் அடைபட்டுள்ளன (புகைப்படங்கள் 1 முதல் 6 வரை இணைப்பில்). கடந்த மழையில் இங்கே முழங்கால் அளவு நீர் தேங்கியது. இது குறித்து 1913-இல் பதிந்த புகார் எண்: ____. வடகிழக்குப் பருவமழைக்கு முன், அக்டோபர் 10-ஆம் தேதிக்குள் தூர்வாரி, எடுத்த மண்ணை அன்றே அகற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். பணி நடக்கும்போது சங்கத்தின் சார்பில் இருவர் உடனிருப்பார்கள்.

நகல்: வார்டு உறுப்பினர், செயற்பொறியாளர்.

இதில் நான்கு விஷயம் கவனியுங்கள். கதவு எண் இருக்கிறது; ‘எங்கள் பகுதியில்’ என்று பொதுவாகப் போகவில்லை. தேதி இருக்கிறது. முந்தைய புகார் எண் இருக்கிறது. இது முதல் தடவை இல்லை என்று அதுவே சொல்லிவிடுகிறது. ‘எடுத்த மண்ணை அன்றே’ என்ற சொற்கள் இருக்கின்றன. அள்ளிய வண்டலைத் தொட்டி ஓரத்திலேயே குவித்துவிட்டுப் போவதும், அடுத்த மழையில் அது அப்படியே உள்ளே இறங்குவதும் வருடா வருடம் நடப்பது.

மனுவை நேரில் தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். கவுன்சிலருக்கு நகல் போடுவது மரியாதைக்காக மட்டுமல்ல. தன் வார்டு வேலை தனக்குத் தெரியாமல் நடந்தால் எந்தக் கவுன்சிலருக்கும் பிடிக்காது. நகல் போனால் அதே வேலையைத் தன் முயற்சியாகச் சொல்லிக்கொள்ள அவருக்கு ஒரு வழி கிடைக்கும். சொல்லிக்கொள்ளட்டும். தொட்டி தூர்வாரப்பட்டதா என்பதுதான் கணக்கு.

பதினைந்து நாளில் பதில் இல்லையென்றால் நேரில் போங்கள், இரண்டு பேராக. பத்துப் பேராகப் போனால் அது முற்றுகை. அதற்கும் ஒரு காலம் வரும், முதல் தடவையிலேயே வேண்டாம். நேரில் போயும் அசையாவிட்டால் மண்டல அலுவலகம், 1100 என்ற முதல்வர் உதவி எண், ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் கூட்டம் என்று படிப்படியாக ஏறலாம். ஒவ்வொரு படியிலும் முந்தைய படியின் முத்திரை நகலை இணைக்க வேண்டும். முதல் படியைத் தாண்டிக் குதித்தவர்களின் மனு சுற்றிச் சுற்றி அதே உதவிப் பொறியாளரின் மேசைக்கே வந்து சேரும், இந்த முறை அவருடைய கோபத்தோடு.

ரோடு போடும்போது

சங்கம் தன் சக்தி முழுவதையும் ஒரே ஒரு விஷயத்தில் செலவிட வேண்டும் என்றால் நான் ரோட்டைத்தான் சொல்வேன். பழைய தாரின் மேலேயே புதுத் தாரைப் போட்டுப் போட்டு, சென்னைத் தெருக்கள் பலவற்றில் வீட்டு வாசல் ரோட்டுக்குக் கீழே போய்விட்டது. முப்பது வருடத்துக்கு முன் மூன்று படி ஏறிப் போன வீட்டுக்குள் இன்று இரண்டு படி இறங்கிப் போகிறார்கள். மழைநீருக்கு இதைவிட அழைப்பு வேண்டாம். 2021-இல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு, பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதுச் சாலை போட வேண்டும், மட்டம் உயரக் கூடாது என்று துறைகளுக்கு அறிவுறுத்தினார். மில்லிங் என்று ஒப்பந்ததாரர்கள் சொல்வது இதைத்தான். பெரிய சாலைகளில் இயந்திரம் வருகிறது. சந்துகளுக்குள் வருவது, கேட்பவர்கள் இருக்கிறார்களா என்பதைப் பொறுத்தது.

வேலை வருகிறது என்று தெரிந்ததும் இதைச் செய்யுங்கள். தெருவின் இரு முனையிலும் நடுவிலும் மதில் சுவரிலோ விளக்குக் கம்பத்திலோ ரோட்டு மட்டத்திலிருந்து சரியாக ஒரு மீட்டர் உயரத்தில் பெயின்டால் கோடு போடுங்கள். அளவு நாடாவோடு தேதி தெரியப் படம் எடுங்கள். சுரண்டிய பிறகு ஒருமுறை, தார் போட்ட பிறகு ஒருமுறை அதே இடத்தில் அளந்து படம் எடுங்கள். ஒரு மீட்டர் என்பது 92 சென்டிமீட்டர் ஆகியிருந்தால் ரோடு எட்டு சென்டிமீட்டர் ஏறிவிட்டது. அதற்குப் பிறகு யாரும் உங்களோடு வாதாட முடியாது.

தார் போடுவதற்கு முந்தைய மாதம் குடிநீர் வாரியத்துக்கும் மின்வாரியத்துக்கும் கேபிள்காரர்களுக்கும் ஒரு கடிதம் போகட்டும்: தோண்ட வேண்டியதை இப்போதே தோண்டிவிடுங்கள். வீட்டுக்காரர்களுக்கும் அதே செய்தி. புது ரோடு போட்ட மறுவாரம் தண்ணீர் இணைப்புக்காக வெட்டும் புண்ணியவான் பெரும்பாலும் நம் தெருக்காரர்தான். மேன்ஹோல் மூடிகள் புது மட்டத்துக்குச் சரிசெய்யப்பட்டனவா என்று ஒப்பந்ததாரர் இருக்கும்போதே பார்த்துவிடுங்கள். பிறகு இருசக்கர வண்டிக்காரர்களின் முதுகெலும்பு அதைச் சொல்லும். இன்னொன்றையும் சங்கக் கூட்டத்தில் வெளிப்படையாகப் பேச வேண்டும். கார் ஏறுவதற்காக வாசலில் சிமெண்ட் சரிவு கட்டி வடிகால் வாயை அடைத்திருப்பது யார்? அந்தச் சரிவுகளை எடுக்காமல் ரோட்டு மட்டத்தைப் பற்றி மனு கொடுத்தால், பொறியாளர் உங்கள் தலைவர் வீட்டு வாசலைத்தான் முதலில் காட்டுவார்.

தகவல் உரிமைச் சட்டம் இங்கேதான் கைகொடுக்கும். மனு சங்கத்தின் பெயரில் வேண்டாம். 2005-ஆம் ஆண்டுச் சட்டம் உரிமையைக் குடிமகனுக்குக் கொடுக்கிறது, அமைப்புக்கு அல்ல. லெட்டர்பேடில் கேட்டால் அதையே காரணம் காட்டித் திருப்பலாம். ஓர் உறுப்பினர் தன் பெயரில், தன் முகவரியில், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிக் கேட்கட்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று அவரிடம் விசாரிக்க முடியாது. அவரும் ‘ஏன்’ என்று கேட்கக் கூடாது. ‘ரோடு ஏன் மோசமாக இருக்கிறது’ என்பதற்கு அவர்களிடம் ஆவணம் இல்லை, அதனால் பதிலும் இல்லை. மதிப்பீட்டின் நகல், பணி ஆணையின் நகல், அளவுப் புத்தகத்தின் (அலுவலகத்தில் எம்-புக்) சம்பந்தப்பட்ட பக்கங்கள், குறைபாட்டுப் பொறுப்புக் காலம் எந்தத் தேதிவரை என்று கேளுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதிலும் பயனில்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

சட்டத்தின் 2(j) பிரிவு பலருக்குத் தெரியாது. நடக்கும் வேலையைப் பார்வையிடவும், பயன்படுத்தும் பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியை எடுக்கவும் அது உரிமை தருகிறது. தார்க்கலவையின் மாதிரியைக் கேட்டு ஒருவர் மனுப்போட்டிருக்கிறார் என்ற செய்தியே வேலையின் தரத்தைக் கொஞ்சம் உயர்த்தும். எதற்கெடுத்தாலும் இதை எடுத்து வீசாதீர்கள். வாரம் ஒரு தகவல் மனு போடும் சங்கத்துக்கு அலுவலகத்தில் ஒரு பெயர் விழும். பிறகு தொலைபேசியில் முடியும் வேலைக்கும் முப்பது நாள் ஆகும்.

ஏரியா சபை

கிராமத்தில் இருப்பவருக்குக் கிராம சபை உண்டு. நகரத்தில் இருப்பவருக்கு அப்படி ஒன்று நெடுங்காலம் இல்லை. 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993-இல் நடைமுறைக்கு வந்தபோதே மூன்று லட்சம் பேருக்கு மேல் வாழும் நகரங்களில் வார்டு குழு வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் வார்டு குழுவுக்கும் ஏரியா சபைக்கும் விதிகள் வந்தது 2022-இல்தான். அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று, உள்ளாட்சிகள் தினத்தில், முதல் ஏரியா சபைகள் கூடின. தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்த கூட்டத்துக்கு முதல்வர் ஸ்டாலின் வந்தார்.

ஒரு வார்டைப் பகுதிகளாகப் பிரித்து, அந்தந்தப் பகுதியின் வாக்காளர்கள் அனைவரும் உறுப்பினர்களாக இருப்பது ஏரியா சபை. சங்கத்துக்கு அங்கே தனி நாற்காலி கிடையாது. உங்கள் செயலாளரும் இட்லிக்கடை அம்மாவும் சமமாக உட்கார வேண்டும். பல சங்கங்கள் இதனாலேயே முகம் சுளித்து ஒதுங்குகின்றன. அது தவறு. நடைமுறையில் பல இடங்களில் கூட்டம் முந்தின நாள் இரவு அறிவிக்கப்பட்டு, கட்சிக்காரர்கள் பத்துப் பேரோடு போட்டோ எடுத்து முடிந்துவிடுகிறது என்பதும் உண்மை. ஆனால் அங்கே பதிவாகும் கோரிக்கை வார்டு குழுவுக்குப் போகும் ஆவணம். அது மினிட்ஸில் ஏறியதா என்பதுதான் முக்கியம்.

அதனால் கூட்டத் தேதியை மண்டல அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முந்தின வாரமே தெருவில் பேசி மூன்று கோரிக்கைகளை முடிவு செய்யுங்கள், மூன்றுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றையும் ஒவ்வொருவர் பேசட்டும்; அவர்களில் ஒருவராவது குடத்தோடு லாரித் தண்ணீருக்கு நிற்பவராக இருக்கட்டும். பேசியதை எழுத்திலும் கொடுங்கள். அடுத்த கூட்டத்தில் முதல் கேள்வி: போன கூட்டத்தின் தீர்மானங்கள் என்ன ஆயின?

பணம் போட்டுச் செய்வதா?

‘நமக்கு நாமே’ திட்டத்தில் மதிப்பீட்டுத் தொகையில் மூன்றில் ஒரு பங்கைப் பொதுமக்கள் தந்தால் மீதியை அரசு தரும். நீர்நிலைப் பணி என்றால் பாதிக்குப் பாதி. பூங்கா, பள்ளிக் கட்டடம், தெருவிளக்கு, கேமரா என்று பலவற்றுக்கும் இதில் கேட்கலாம். பங்குத் தொகையை ஒரே நிறுவனமோ நன்கொடையாளரோ தரவும் இடமுண்டு. என் கருத்து: பூங்காவுக்கும் பள்ளிக்கும் சரி. குடிநீர், கழிவுநீர், ரோடு போன்றவற்றுக்குச் சங்கம் பணம் திரட்டக் கூடாது. அவற்றுக்குத்தான் சொத்துவரியும் குடிநீர் வரியும் கட்டுகிறோம். பணம் உள்ள தெரு தன் ரோட்டைத் தானே போட்டுக்கொண்டால், பணம் இல்லாத தெருவின் ரோடு இன்னும் பின்னுக்குப் போகும்.

சங்கமே ஒரு சேவையை நடத்துவதிலும் ஒரு பழைய பாடம் இருக்கிறது. 1989-இல் எம்.பி. நிர்மல் தொடங்கிய எக்ஸ்னோரா அமைப்பு, சென்னைத் தெருக்களில் மூன்று சக்கர வண்டியோடு ஆள் வைத்து வீடுவீடாகக் குப்பை எடுத்தது. வீட்டுக்கு மாதம் ஒரு சிறு தொகை. அள்ளுபவரைத் ‘தெரு அழகுபடுத்துபவர்’ என்று அழைத்தார்கள். குப்பைத் தொட்டிக்கும் வீட்டுக்கும் நடுவே இருந்த இடைவெளியைத் தெருக்காரர்களே நிரப்பியது பெரிய விஷயம். 2000-இல் குப்பை அள்ளும் தனியார் நிறுவனமான ஓனிக்ஸ் நகரின் ஒரு பகுதிக்கு வந்து, பிறகு வீட்டு வாசலுக்கே மாநகராட்சி ஆள் வரத் தொடங்கியதும், மாதப் பணம் கொடுக்கப் பலருக்கு மனம் வரவில்லை. சங்கம் நடத்தும் சேவைக்கு எப்போதுமே இந்த ஆயுள்தான் என்று கணக்கிட்டு இறங்குங்கள். அதில் வேலை செய்தவருக்கு அடுத்து என்ன என்பதையும் இறங்கும்போதே யோசியுங்கள்.

சிட்லபாக்கம் இன்னொரு வழி. அங்கே 2019-இன் வறட்சியில் காய்ந்த ஏரிக்குள் இறங்கிக் குடியிருப்பவர்கள் வாரந்தோறும் குப்பை அள்ளினார்கள். அள்ளிய குப்பையைவிட, அது எழுப்பிய பேச்சு பெரிது. அந்த ஆண்டே ஏரியைச் சீரமைக்க 25 கோடி ரூபாய் அறிவிக்கப்பட்டது. கையால் ஒரு மூலையைச் செய்துகாட்டி, மீதியை அரசைச் செய்யவைப்பது சங்கத்துக்கு ஏற்ற அளவு.

சங்கமே செய்வதற்கும் ஓர் எல்லை உண்டு: கழிவுநீர்த் தொட்டிக்குள், மேன்ஹோலுக்குள் ஆளை இறக்குவது எந்த அவசரத்திலும் கிடையாது. இதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வேலைக்கு வைத்தவருக்கு முதல் குற்றத்துக்கே இரண்டு ஆண்டுவரை சிறை, இரண்டு லட்சம்வரை அபராதம் உண்டு. ‘அவரே இறங்கினார், நாங்கள் சொல்லவில்லை’ என்று பிறகு சொல்லும் சங்கங்களின் செயலாளர்களைப் பற்றி நாளிதழில் படித்திருப்பீர்கள். 14420-க்கு அழையுங்கள், லாரி வரும்வரை காத்திருங்கள்.

தெரு யாருடையது

சங்கங்கள் கெட்டுப்போவது இங்கேதான். ரோடு, விளக்கு, வடிகால் என்று கேட்டுப் பழகிய சங்கம் ஒருநாள் கேட் கேட்கத் தொடங்குகிறது. திருட்டு பயம் நியாயமானது. ஆனால் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்குப் போன தெரு பொதுவழி. அதில் கேட் போட்டுப் பூட்ட எந்தத் தீர்மானத்துக்கும் அதிகாரம் இல்லை. பின்தெருப் பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் குறுக்குவழி அதுவாக இருக்கும். ஆம்புலன்ஸும் அதே வழியாகத்தான் வர வேண்டும். இரவுக் காவலர், விளக்கு, போலீஸ் ரோந்துப் புத்தகம், தெருமுனையில் கேமரா என்று கேட் இல்லாமலேயே செய்யக்கூடியவை நிறைய.

அடுத்தது தள்ளுவண்டி. காலையில் அதே வண்டியில் கீரை வாங்கிவிட்டு, மாலைக் கூட்டத்தில் ‘ஆக்கிரமிப்பு’ என்று மனுவில் கையெழுத்துப் போடுவது நம் வழக்கம். 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, கணக்கெடுப்பு முடிந்து சான்று தரும்வரை இருப்பவர்களை அகற்ற முடியாது. எங்கே விற்கலாம், எங்கே கூடாது என்று பேச நகர விற்பனைக் குழு இருக்கிறது. அதில் நாற்பது சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும். குடியிருப்போர் சங்கங்களுக்கும் அதில் இடமுண்டு. நடைபாதையை மறித்தால், பள்ளி வாசலில் அடுப்பு வைத்தால், அதைச் சொல்ல அந்தக் குழுதான் இடம். அதற்கும் முன், வண்டிக்காரரிடம் நேரில் சொன்னால் வண்டி நாலடி தள்ளி நிற்கும். ‘அண்ணே, இந்த வளைவுல நின்னா பஸ்ஸு திரும்ப முடியல, அந்த வேப்பமரத்துக்கிட்ட போட்டுக்கங்க’ என்று சொல்ல லெட்டர்பேடு வேண்டாம்.

மூன்றாவது, வாடகைக்காரர்கள். பல துணைவிதிகள் வீட்டு உரிமையாளருக்கு மட்டுமே உறுப்பினர் உரிமை தருகின்றன. நகரத் தெருக்களில் பாதி வீடுகளில் வாடகைக்கு இருப்பவர்கள் வசிக்கிறார்கள். உரிமையாளர் வேறு பேட்டையிலோ அமெரிக்காவிலோ இருப்பார். தண்ணீர் வராததும் கொசு கடிப்பதும் குடியிருப்பவருக்குத்தானே? சங்கத்தின் பெயரிலேயே ‘குடியிருப்போர்’ என்று இருக்கிறது. சிறப்புத் தீர்மானம் போட்டுத் துணைவிதியைத் திருத்திப் பதிவாளரிடம் தாக்கல் செய்யுங்கள். சொத்து சம்பந்தமான வாக்கெடுப்பை மட்டும் உரிமையாளருக்கு ஒதுக்கிக்கொள்ளலாம். கால்வாய்க்கரைக் குடிசைகளில் இருப்பவர்களையும் உறுப்பினராக்கலாமா என்ற கேள்வி வந்தால், சந்தாவைக் குறைத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றே சொல்வேன். அடைபடும் வடிகாலின் மறுமுனை அங்கேதான் இருக்கிறது. அவர்களை விரட்டச் சொல்லி மனு கொடுத்த சங்கம், பிறகு அவர்களோடு சேர்ந்து எதையும் கேட்க முடியாது.

நாய் விஷயத்தில் வாட்ஸ்அப் குழு இரண்டாக உடையாத தெரு குறைவு. 2023-ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் தெருநாய்களுக்கு உணவிடும் இடத்தையும் நேரத்தையும் ஒழுங்குபடுத்தும் பொறுப்பைச் சங்கத்திடமே விட்டிருக்கின்றன. குழந்தைகள் விளையாடும் இடத்துக்கும் மாடிப்படிக்கும் தள்ளி ஓரிடம் குறித்து, கருத்தடைக்கும் ரேபிஸ் தடுப்பூசிக்கும் மாநகராட்சி வண்டியை வரவழைத்து, எந்த நாய்க்கு எப்போது போட்டார்கள் என்று எழுதிவையுங்கள். வாட்ஸ்அப்பில் விவாதிப்பதால் இதில் எதுவும் நடந்ததில்லை.

மழைக்கு முன்னும் பின்னும்

2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலிலும் முதல் இரண்டு நாள் உதவி பக்கத்து வீட்டிலிருந்துதான் வந்தது. ஆகஸ்டிலேயே ஒரு பட்டியல் எடுங்கள்: தனியாக இருக்கும் முதியவர்கள், தரைத்தளத்தில் படுக்கையில் இருப்பவர்கள், ஆக்ஸிஜன் இயந்திரமோ டயாலிசிஸோ தேவைப்படுபவர்கள், கர்ப்பிணிகள், எந்த வீட்டு மாடியில் யாருக்கு இடம். இந்தப் பட்டியல் இரண்டு பேரிடம் மட்டும், காகிதத்தில் இருக்கட்டும், குழுவில் போடாதீர்கள். கைபேசி கோபுரம் அணைந்தால் காகிதம்தான் பேசும், தவிர நோய் விவரம் ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை.

செப்டம்பரில் உதவிப் பொறியாளரை அழைத்து வடிகால் முழுவதையும் நடந்து பாருங்கள், அது கால்வாயில் விழும் இடம்வரை. உங்கள் தெருவில் சுத்தமாக இருந்து, பக்கத்துத் தெருவில் அடைத்திருந்தால் தண்ணீர் உங்கள் தெருவில்தான் நிற்கும். அதனால் இதைப் பக்கத்துச் சங்கத்தோடு சேர்ந்துதான் செய்ய முடியும். மழைநீர்ச் சேகரிப்பு 2003-இலேயே எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமானது. பல வீடுகளில் குழாய் இருக்கும், அது இறங்கும் குழி தூர்ந்து போயிருக்கும். ஜூலையில் ஒரே கொத்தனாரை வைத்துத் தெரு முழுக்கக் குழிகளைச் சுத்தம் செய்தால் கூலியும் குறையும்.

வெள்ளம் வடிந்த பிறகு, நீர் ஏறிய உயரத்தைச் சுவர்களில் குறித்துப் படம் எடுத்துக் கோப்பில் வையுங்கள். அடுத்த வடிகால் திட்டத்தின்போது பொறியாளருக்கு இதைவிட நல்ல ஆவணம் கிடைக்காது.

கட்சியும் தேர்தலும்

உறுப்பினர் எந்தக் கட்சியிலும் இருக்கலாம். நிர்வாகி கட்சிப் பொறுப்பில் இருந்தால் ஒன்றை விடட்டும் என்று துணைவிதியிலேயே எழுதிவிடுவது நல்லது. தேர்தல் வந்தால் எல்லா வேட்பாளரையும் ஒரே மேடைக்கு அழைத்து ஒரே கேள்வித்தாளைக் கொடுங்கள். அது முடியாவிட்டால் யாரையும் அழைக்க வேண்டாம். சங்கப் பெயரில் வாழ்த்து பேனர் எவருக்கும் கூடாது, பிறந்தநாளாக இருந்தாலும். பொங்கல் விழாவுக்கு நன்கொடை வாங்கினால் ரசீது போடுங்கள். தந்தவர் படம் மேடையில் வேண்டாம். ஆயுதபூஜைக்கு, விநாயகர் சதுர்த்திக்கு, இஃப்தாருக்கு சங்கப் பணம் போகலாமா என்று வருடா வருடம் சண்டை வரும். எதற்கும் போக வேண்டாம், தனியாக வசூல் செய்துகொள்ளுங்கள் என்ற விதி எல்லாருக்கும் கசக்கும், அதனால்தான் நிலைக்கும்.

பொறுப்பு மாறும்போது

சட்டப்படி நிர்வாகக் குழுவின் காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. பிறகு மறுபடி தேர்தல் வைக்க வேண்டும். அதே ஆட்கள் திரும்ப வரலாம். ஆனால் தேர்தல் நடந்து, புதிய பட்டியல் பதிவாளருக்குப் போயாக வேண்டும். போகாத சங்கத்தின் மனுவை, ‘நீங்கள் யார் சார்பில் கேட்கிறீர்கள்’ என்ற ஒரே கேள்வியில் யாரும் மடக்கிவிடலாம்.

பழைய செயலாளர் கோபித்துக்கொண்டு போகும்போது பத்து வருட முத்திரை நகல்களும் அவருடைய வீட்டு லாஃப்டோடு போய்விடுகின்றன. எனவே ஒப்படைப்புக்கு ஒரு நாள் குறித்து, இருதரப்பும் கையெழுத்திட்டு வாங்குங்கள்: மனைப்பிரிவு வரைபடம், தானப் பத்திர நகல், மனுப் பதிவேடு, நிலுவையில் உள்ள புகார் எண்கள், தகவல் மனுக்களின் மேல்முறையீட்டுக் கெடுதேதிகள், மினிட்ஸ் புத்தகம், ரசீதுப் புத்தகங்களின் மீதி, ரப்பர் ஸ்டாம்ப், வாட்ஸ்அப் குழுவின் அட்மின் பொறுப்பு. எல்லாக் காகிதத்தையும் ஸ்கேன் செய்து மூன்று பேரிடம் வைத்திருப்பது நல்லது. வங்கியில் கையெழுத்துகள் மாறும்வரை புதிய குழு எந்தச் செலவுக்கும் ஒப்புதல் தர வேண்டாம். கரண்ட் பில்லும் காவலர் சம்பளமும் மட்டும் பழைய இருவர் கையெழுத்தில் போகட்டும்.